டிவி, ரேடியோ, வாட்ஸ்அப் நம்மை என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊடகம் சமூகத்தை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்று பட்டிமன்றத் தலைப்பு மாதிரி ஒரு கேள்வி எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தீர்ப்பு சொல்வது இங்கே வேலை இல்லை. தமிழ்நாட்டில் என்ன நடந்தது, வெளியில் யாராவது உட்கார்ந்து அளந்து பார்த்திருக்கிறார்களா என்பதை மட்டும் பார்ப்போம். பெரும்பாலும் தமிழ்நாட்டு உதாரணங்கள்தான். நம்மூரில் சரியான உதாரணம் இல்லாத இடத்தில் மட்டும் வெளியூர் போயிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஊடகம் மக்களை மாற்றுகிறதா, இல்லையா?

மாற்றுகிறது. ஆனால் பலரும் நினைக்கிற வழியில் இல்லை. டிவியில் ஒருவர் வந்து "இதுதான் சரி" என்றதும் யாரும் மனம் மாறிவிடுவதில்லை. பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டேதான் பார்க்கிறோம். மாறுவது வேறு ஒன்று. ஊரில் எது சகஜம், எதைச் செய்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், எதைச் செய்தால் கேவலம் என்று நமக்குள் ஒரு கணக்கு ஓடுகிறதே, அது மாறுகிறது. எதைச் செய்வதற்கு முன்னாலும் "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று பார்க்கிறவர்கள் நாம். முன்பு அந்த நாலு பேரும் தெருவிலும் சொந்தத்திலும் இருந்தார்கள். இப்போது அதில் ஒன்றிரண்டு பேர் சீரியலிலிருந்தும் ரீல்ஸிலிருந்தும் வருகிறார்கள். கீழே இருக்கிற பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும்.

அமெரிக்காவில் ரேடியோ நாடகத்தைக் கேட்டு ஊரே பயந்து ஓடியது என்பார்களே, அது ஊடகத்தின் சக்தி இல்லையா?

1938 அக்டோபர் 30 கதை. செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் படையெடுத்து வருவதாகச் செய்தி வாசிப்பு பாணியில் ஒரு நாடகம் ஒலிபரப்பானது. சிலர் நிஜமாகவே பயந்தார்கள், மறுக்க முடியாது. ஆனால் நாடே தெருவுக்கு ஓடிவந்தது என்பது பெரும்பாலும் மறுநாள் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. அந்தக் காலத்தில் பத்திரிகைகளின் விளம்பர வருமானத்தை ரேடியோ பிடுங்கிக்கொண்டிருந்தது. ரேடியோவை நம்பாதீர்கள் என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

இரண்டு வருடம் கழித்து, 1940 அதிபர் தேர்தலின்போது, ஒஹாயோ மாநிலத்தில் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் தன் குழுவோடு ஒரு வட்டாரத்து வாக்காளர்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார். பத்திரிகையையும் ரேடியோவையும் நேரடியாக நம்பி ஓட்டை மாற்றியவர்கள் ரொம்பக் குறைவு. அக்கம்பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த ஒருவர் இருப்பார், அவர் படித்துவிட்டு வந்து சொல்வதைத்தான் மற்றவர்கள் கேட்டார்கள். நம்மூர் டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, சுற்றியிருந்த பத்துப் பேர் கேட்டுவிட்டு விவாதம் பண்ணினார்களே, அதேதான்.

டிவி வருவதற்கு முன்பு தமிழ்நாட்டில் எது அந்த இடத்தில் இருந்தது?

பத்திரிகை, சினிமா, ரேடியோ மூன்றும். பத்திரிகையில் 1942-ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியைச் சொல்லாமல் நகர முடியாது. சி.பா. ஆதித்தனார் லண்டனில் சட்டம் படித்தபோது அங்கே சாதாரண ஜனங்கள் படிக்கும் பத்திரிகைகளைப் பார்த்தவர். சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு, பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற தமிழ் என்று இங்கே இறக்கினார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கூட பேப்பர் படிக்கலாம் என்ற நிலை வந்தது. பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். டீக்கடைகள் சுளிக்கவில்லை.

ரேடியோவில் எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 1960-களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்று ஒரு குறுகிய கால ரகத்தைக் கொடுத்தது, குறுவைக்குப் பொருந்துகிற ரகம். திருச்சி வானொலி அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. எப்போது நாற்று விடுவது, எவ்வளவு உரம் போடுவது, பூச்சி வந்தால் என்ன செய்வது என்று பண்ணை நிகழ்ச்சிகளில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ரகத்தின் நம்பர் யாருக்கும் வாயில் நுழையவில்லை, "ரேடியோ நெல்" என்றே பேர் வைத்துவிட்டார்கள். இங்கேயும் ரேடியோ மட்டும் தனியாக வேலை செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விதை கிடைத்தது, உரம் கிடைத்தது, பக்கத்து வயல்காரர் போட்டுப் பார்த்திருந்தார். ரேடியோ சொன்னதற்கு வயலில் ஆதாரம் இருந்தது.

அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டையே நிறுத்தி வைத்திருந்தது உண்மையா?

உண்மை. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். சாஸ்திரிய சங்கீதம் கேட்டால் மக்கள் தானாக உயர்ந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. மக்கள் உயரவில்லை, முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலியிடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் இருந்தது, அதில் இந்திப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் தாராளமாக வந்தன. வடக்கே இந்தி நிகழ்ச்சிக்குக் கூட்டம் சேர்ந்தது. தெற்கே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை வீட்டுக்கு வீடு நுழைந்தது. கடைசியில் 1957-ல் விவித் பாரதியை ஆரம்பித்து டெல்லியும் சினிமாப் பாட்டுக்கு இறங்கி வந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது மாதிரி அறிவிப்பாளர்களின் தெளிவான உச்சரிப்பை இங்கே ஒரு தலைமுறையே காது கொடுத்துக் கேட்டு வளர்ந்தது. நேயர் விருப்பத்தில் தன் பேரும் ஊர்ப் பேரும் கடல் தாண்டி வாசிக்கப்படுவதைக் கேட்க அஞ்சலட்டை போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் ஏராளம். மேலே உட்கார்ந்து கலாச்சாரத்தைத் திருத்த நினைத்தால் ஜனங்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

தூர்தர்ஷன் காலம் நிஜமாகவே அவ்வளவு பொற்காலமா?

நினைவில் எல்லாமே பொற்காலம்தான். சென்னையில் டிவி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. ரொம்ப நாள் சென்னை, அதைச் சுற்றியுள்ள ஊர்கள் தவிர மற்ற இடங்களுக்குப் படம் போய்ச் சேரவில்லை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் படம், நடுவில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்". டிவி இருந்த வீட்டில் தெருவே வந்து உட்கார்ந்தது. இதைச் சொல்லும்போது எல்லாரும் நெகிழ்கிறார்கள். ஆனால் யார் வீட்டுக்கூடத்துக்குள் யார் போக முடிந்தது, யார் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள் என்பதையும் கூடவே கேட்க வேண்டும். ஊரின் சாதிக் கணக்கு டிவிப் பெட்டிக்கு முன்னாலும் இருந்தது.

1987 ஜனவரியில் ராமாயணத் தொடர் ஆரம்பித்ததும் நாடு முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலைத் தெருக்கள் காலியாயின. இந்தி தெரியாத தமிழ்நாட்டு வீடுகளிலும் பார்த்தார்கள், கதைதான் ஏற்கெனவே தெரியுமே. ஊருக்கு ஒரு விதமாகச் சொல்லப்பட்டு வந்த ராமாயணம் நாடு முழுக்க ஒரே முகத்தோடு ஒரே நேரத்தில் வந்தது அப்போதுதான். அதன் அரசியல் விளைவு பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள்.

கேபிள் டிவி வந்ததும் என்ன மாறியது?

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி ஆரம்பித்தது. அதுவரை "டெல்லி கொடுக்கிறதைப் பார்" என்று இருந்தது, "உனக்கு என்ன வேண்டும்" என்று மாறியது. அடுத்த சில வருடங்களில் ராஜ், விஜய், ஜெயா என்று வரிசையாக வந்தன. ஊருக்கு ஒரு கேபிள்காரர் முளைத்தார், அவரே ஒரு சின்ன அதிகார மையம் ஆனார்.

டிவி நம் நேரத்தைப் பிடித்துக்கொண்டதுதான் இதில் பெரிய மாற்றம். ஒன்பது மணி சீரியலுக்குள் சமையல் முடிய வேண்டும், சொந்தக்காரர் வந்தால் விளம்பர இடைவேளையில் பேச வேண்டும். தீபாவளி, பொங்கல் அன்று காலையில் பட்டிமன்றம், அப்புறம் நடிகர் பேட்டி, அப்புறம் இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக ஒரு படம். தெருவில் நடக்க வேண்டிய பண்டிகையில் பாதி கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சீரியல் பார்த்துத்தான் பெண்கள் கெட்டுப்போனார்கள் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல ஆசை, ஏனென்றால் அளந்து பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள்.

ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2001 முதல் 2003 வரை இந்தியாவில் தொடர்ந்து எடுத்த கணக்கெடுப்பை வைத்து 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பீகார், அரியானா, கோவா, டெல்லியோடு தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் உண்டு. அவர்கள் பார்த்த 180 கிராமங்களில் சிலவற்றுக்கு அந்த இடைப்பட்ட காலத்தில்தான் கேபிள் வந்தது. வந்த கிராமத்தையும் வராத கிராமத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கேபிள் வந்த இடத்தில், கணவன் மனைவியை அடிப்பது சரி என்று சொல்கிற பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பது குறைந்தது. வீட்டு முடிவுகளில் தங்களுக்கும் பேச்சு இருக்கிறது என்று சொன்னவர்கள் கூடினார்கள். பிள்ளைப்பேறு எண்ணிக்கையும் குறைந்தது.

இத்தனைக்கும் அந்தப் பெண்கள் பார்த்தவை புரட்சி நிகழ்ச்சிகள் இல்லை, நாம் கிண்டல் செய்கிற அதே அழுகைத் தொடர்கள்தான். அதெப்படி? ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. தொடர்களில் வருகிற நகரத்துப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், தனியாக வெளியே போகிறார்கள், கையில் காசு வைத்திருக்கிறார்கள், குறைவாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். கதை என்ன நீதி சொன்னால் என்ன, பின்னணியில் தெரிகிற வாழ்க்கைதான் மனதில் படிகிறது. நம்மூரில் 2003 முதல் 2009 வரை ஓடிய கோலங்கள் தொடரின் நாயகி கட்டுமானத் தொழில் செய்கிறவள். அவள் அழுத அழுகைக்குக் கணக்கில்லை, ஆனாலும் தினமும் சைட்டுக்குப் போனாள்.

பிரேசிலிலும் இதே மாதிரிதான். அங்கே 1960-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைக்கு மேல் இருந்தது, 2000-ல் இரண்டு சொச்சத்துக்கு இறங்கியது. குளோபோ டிவியின் ஒளிபரப்பு எந்த ஊருக்கு எப்போது போனது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், அது போன இடத்தில் பிறப்பு கூடுதலாகக் குறைந்திருக்கிறது. தொடர்களின் நாயகிகளில் பெரும்பாலானோருக்குப் பிள்ளையே இல்லை, அல்லது ஒன்றுதான். பிறந்த பிள்ளைகளுக்குத் தொடர்களில் வரும் பாத்திரங்களின் பெயரை வைப்பதும் கூடியது. முழுக் காரணமும் டிவிதான் என்று யாரும் சொல்லவில்லை, அதில் ஒரு பங்கு டிவிக்கு உண்டு என்கிறார்கள்.

அப்படியென்றால் சீரியல் நல்லது என்கிறீர்களா?

அவசரப்படாதீர்கள். வேலைக்குப் போகும் பெண்ணைக் காட்டும் அதே தொடர், வாயடைத்துப் பொறுத்துப்போகிறவளை நல்லவளாகவும் எதிர்த்துப் பேசுகிறவளை வில்லியாகவும் காட்டுகிறது. தாலி சென்டிமென்டை வாரக்கணக்கில் இழுக்கிறது. விதவை, விவாகரத்து, குழந்தை இல்லாமை என்று எதைத் தொட்டாலும் பழைய தண்டனையையே திரும்பக் கொடுக்கிறது. இதற்குப் பின்னால் பெரிய சதி எல்லாம் கிடையாது. வியாழக்கிழமை டி.ஆர்.பி., அதாவது எதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வரும், எந்தக் காட்சியில் கூட்டம் நின்றதோ அதையே அடுத்த வாரம் இன்னும் நீட்டுவார்கள். இத்தனை கோடிப் பேர் பார்க்கும் டிவிக்கு மீட்டர் வைத்த வீடுகள் நாடு முழுக்கச் சில பத்தாயிரம்தான். அந்த வீடுகளில் ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் நம் மாமியார்களின் குணத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

இலவச கலர் டிவி கொடுத்தது மக்களைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ளத்தானே?

2006 தேர்தலில் தி.மு.க. சொன்னது, அந்த ஆண்டே கொடுக்க ஆரம்பித்தார்கள், மொத்தம் ஒன்றரைக் கோடிப் பெட்டிகளுக்கு மேல் போனது. டிவி இலவசம், கேபிளுக்கு மாதா மாதம் பணம், அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று எதிர்க்கட்சிகள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் 2011 முடிவைப் பாருங்கள். ஐந்து வருடம் அந்த டிவியைப் பார்த்த மக்கள்தான் கொடுத்த கட்சியை எதிர்க்கட்சி அந்தஸ்துகூட இல்லாமல் உட்கார வைத்தார்கள். பெட்டி உன்னுடையது, ஓட்டு என்னுடையது.

இன்னொரு விளைவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதுவரை பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்த குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். மேலே சொன்ன ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆட்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சினிமா மட்டும் முதலமைச்சர்களை உருவாக்கவில்லையா?

அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, திரையில் வந்தால் போதும் நாற்காலி என்று முடித்துவிடுவார்கள். சிவாஜி கணேசனை மறந்துவிடுகிறார்கள். 1988-ல் கட்சி ஆரம்பித்தார், 1989 தேர்தலில் திருவையாற்றில் தானே தோற்றார். அவரைவிடப் பெரிய நடிகர் யார்? எம்.ஜி.ஆருக்குப் பின்னால் இருபது வருடக் கட்சி வேலையும் ஊர் ஊராகக் கிளை வைத்த மன்றங்களும் இருந்தன. முகத்தைத் தெரிய வைப்பது சினிமா, வாக்குச்சாவடிக்குக் கூட்டி வருவது மன்றம்.

நம் பழக்கவழக்கங்களில் ஊடகம் புதிதாக உண்டாக்கியது எது?

அட்சய திருதியைக்குத் தங்கம். வீட்டில் வயதானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் கல்யாணம் ஆன காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அன்றைக்கு நகைக்கடை வாசலில் வரிசையில் நின்றார்கள் என்று. நாள் பழையதுதான், தானம் செய்கிற நாள். நகைக்கடை விளம்பரமும் காலை ஜோதிட நிகழ்ச்சியும் சேர்ந்து அதை வாங்குகிற நாளாக்கிவிட்டன. இப்போது ஒரு கிராமாவது வாங்காவிட்டால் மனசு கேட்காது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மெஹந்தி, சங்கீத் எல்லாம் இந்தித் தொடர், இந்திப் படம் வழியாக வந்து, இன்ஸ்டாகிராமால் நிலைத்தவை. சிவப்பழகு க்ரீம் பற்றியும் கேட்பார்கள். நிறத்தைப் பார்க்கிற புத்தி விளம்பரத்துக்கு முன்பே நம்மிடம் இருந்தது, விளம்பரம் அதை வேலைவாய்ப்போடும் மாப்பிள்ளையோடும் சேர்த்துக் கட்டியது. ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது, பேரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 வரை ஆயிற்று. பேர்தான் போனது.

தொகுப்பாளர்கள் தமிழைக் கெடுத்துவிட்டார்களா?

கொஞ்சம். ஆனால் மதுரை, கொங்கு, நெல்லைப் பேச்சை எல்லாரும் கேட்டுப் பழகியதும் அதே டிவியாலும் சினிமாவாலும்தான்.

கெட்ட விளைவு உறுதியாக நிரூபிக்கப்பட்டது ஏதாவது உண்டா?

உண்டு, தற்கொலைச் செய்திகள். வியன்னா நகரத்தின் சுரங்க ரயிலில் 1980-களின் நடுவில் தற்கொலைகள் கூடிக்கொண்டே போயின, பத்திரிகைகள் அவற்றை விலாவாரியாக எழுதிக்கொண்டிருந்தன. 1987-ல் எப்படி எழுத வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தார்கள், பத்திரிகைகள் அடக்கி வாசிக்க ஆரம்பித்தன, எண்ணிக்கை சட்டென்று பெருமளவு இறங்கியது. ரயில் அதே ரயில்தான். இந்தியப் பத்திரிகை கவுன்சிலும் 2019-ல் இப்படி வழிகாட்டுதல் வெளியிட்டது. தேர்வு முடிவு வரும் நாளில் நம் செய்தி சேனல்களைப் பார்த்தால் அதை யாரும் படித்த மாதிரித் தெரியவில்லை.

ஒரு சமூகத்தையே இன்னொரு சமூகத்துக்கு எதிராகத் திருப்ப ஊடகத்தால் முடியுமா?

ருவாண்டாவில் 1994-ல் ஆர்.டி.எல்.எம். என்ற ரேடியோ, அங்கே சிறுபான்மையாக இருந்த டுட்ஸி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிச் சொல்லி, பாட்டுப் போட்டு, கிண்டல் அடித்து, கொலைக்கு ஆள் சேர்த்தது. அதை நடத்தியவர்கள் பின்னால் ருவாண்டாவுக்காக அமைத்த சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயத்தில் நின்றார்கள்.

அதே நாட்டில் பத்து வருடம் கழித்து நல்லிணக்கத்துக்காக ஒரு ரேடியோ நாடகம் ஒலிபரப்பானது. எலிசபெத் பலக் என்ற உளவியலாளர் சில ஊர்க் குழுக்களை ஒரு வருடம் அதைக் கேட்க வைத்தார், வேறு சில குழுக்களுக்குச் சுகாதார நாடகம் கேட்கக் கொடுத்தார். முடிவில் தனிப்பட்ட நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால் "நம்மிடையே கலப்பு மணம் சகஜம், மனதில் பட்டதை வெளியே சொல்லலாம்" என்று ஊரைப் பற்றிய எண்ணம் மாறியது, நடத்தையும் மாறியது. பரிசாகக் கொடுத்த ரேடியோவை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சில், சுகாதார நாடகம் கேட்ட குழுக்கள் பெரும்பாலும் ஊர் அதிகாரியிடம் ஒப்படைத்துவிடலாம் என்றன, நல்லிணக்க நாடகம் கேட்ட குழுக்கள் தங்களுக்குள் பேசிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்றன. முதல் பதிலில் நாலு பேர் என்று சொன்னேனே, அதற்கு அறிவியல் சாட்சி இதுதான்.

வாட்ஸ்அப் எதில் வித்தியாசம்?

டீக்கடையில் படித்துச் சொன்ன ஆளை எதிர்த்துக் கேட்க முடியும். சித்தப்பா ஃபார்வர்ட் செய்ததை எதிர்த்துக் கேட்டால் குடும்பச் சண்டை. செய்தி எங்கிருந்து வந்தது என்று தெரியாது, அனுப்பியவர் நம்மவர், அது போதுமானதாகிவிடுகிறது. 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக நாடு முழுக்க வதந்தி ஓடியது. பாகிஸ்தானில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வு வீடியோவின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு நிஜக் கடத்தல் என்று பரப்பினார்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். அதற்குப் பின்னால்தான் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது.

நான் எதைப் பார்த்தாலும் என்னைப் பாதிப்பதில்லை. மற்றவர்களைத்தான் நினைத்துக் கவலை.

எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1983-லேயே டேவிசன் என்ற சமூகவியலாளர் இதற்கு ஒரு பெயரும் வைத்துக் கட்டுரை எழுதிவிட்டார்.

டிவியில் தவறான, மோசமான நிகழ்ச்சி வந்தால் முகநூலில் திட்டுவது தவிர வேறு என்ன செய்யலாம்?

புகார் கொடுக்கலாம், நிறையப் பேருக்கு இது தெரியாது. 2021-ல் கேபிள் டிவி விதிகளைத் திருத்தி மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதலில் அந்த சேனலின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும், அவர் 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 15 நாளுக்குள் அந்த சேனல் உறுப்பினராக இருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்குப் போகலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம். நிகழ்ச்சியின் பெயர், தேதி, ஒளிபரப்பான நேரம், என்ன காட்டினார்கள் என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள், முடிந்தால் போனில் பதிவும் செய்து வையுங்கள். மறுநாள் யூடியூபில் போய்த் தேடினால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டியிருப்பார்கள்.